கொடிகாமத்தில் ஒரு விசாரணை

“எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனீர், தம்பி?”

தேங்காயை அலவாங்கில் குத்தி உரித்தபடியே கேட்டார் செல்வரட்ணம்.

கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் அவருடைய தேங்காய்க் கொட்டில். பிரவீணன் வந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. கேள்வி கேட்க வந்தவன் அவன், கேட்டுக்கொண்டிருப்பவரோ அவர். ஊர், பார்க்கும் வேலை, வந்த பஸ் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு துருவமாட்டார்கள். பதில் சுருங்கினால், “விளக்கமாச் சொல்லும்” என்று அதட்டல் வேறு.

அவன் பிறந்த மாதமே அப்பா தென்மராட்சிச் சண்டையில் இறந்துபோனார். ஒன்பது வயதில் அம்மாவும் போய்விட்டாள். வளர்த்த சித்தி அப்பாவைக் கண்டதே இல்லை. அவளிடம் இருந்தது ஒரு படமும், ‘இளவழகன்’ என்ற இயக்கப் பெயரும்தான்.

அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அலைகிறான். அப்பா எந்த அணி, எங்கெங்கே நின்றார் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்துவிட்டது. படத்தில் இருந்த அப்பா சிரித்துக்கொண்டு இருந்தாரே தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்ற ஏக்கம் அவனை நித்திரை கொள்ள விடவில்லை. அப்பாவோடு நின்ற செல்வரட்ணம் அப்பாவின் பேச்சைக் கசெற்றில் பதிந்து வைத்திருந்ததாக யாரோ சொல்ல, நேற்றுத்தான் நம்பர் தேடி எடுத்துப் பேசினான். “உடனை வாரும்” என்றிருந்தார் மனிதர்.

“ஐயா, அந்தக் கசெற்...”

“அது இடம்பெயரேக்கை வன்னியிலை மண்ணுக்கை தாட்டது. தண்ணி போய்ப் பழுதாப் போச்சு. அதை விடும். சித்தி நல்லாச் சமைப்பாவோ?”

இனி இந்தப் பிறப்பில் அந்தக் குரல் இல்லை. பிரவீணன் படத்தை நீட்டினான். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கிய செல்வரட்ணம், கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“இவர்தானோ?”

அவ்வளவுதான். பிரவீணனுக்குப் பொறுமை போய்விட்டது.

“இரண்டு வருசம் அவரோடை நிண்டதெண்டு நேற்றுச் சொன்னீங்கள். இப்ப முகமே தெரியேல்லை! நான் சீஐடி எண்டு நினைச்சுத்தானே இவ்வளவு நேரமும் விசாரிச்சனீங்கள்? அதை நேரை சொல்லியிருக்கலாமே! நான் போறன். இனி ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கமாட்டன்!”

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டான். செல்வரட்ணம் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“உப்பிடித்தான்... கோவம் வந்தா உப்பிடித்தான் கத்துவான்,” என்றார். “நான் உன்ரை அப்பாவை ஒருநாளும் கண்டதில்லை, தம்பி. அவன் முன்னுக்கு லைனிலை, நான் பின்னுக்குப் பங்கருக்கை. இரண்டு வருசமும் வோக்கிடோக்கியிலைதான் கதைச்சனாங்கள். நேற்று நீ போனிலை ‘ஹலோ’ எண்ட நேரம் தொடக்கம், நீ தேடித் திரியிற அந்தக் குரலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”