தாழ்ப்பாள் குழி

ஐந்தரைக்கு எழுந்தேன். தேநீர் போட்டேன். நாய்களுக்கு வைத்தேன். நாலு சக்கர பைக்கைக் கிளப்பினேன்.

இங்கிலாந்தின் வட எல்லை. செவியட் மேட்டுக்குப் போக மூன்று கேட். ஒவ்வொன்றிலும் இறங்கி, திறந்து, வண்டியை உள்ளே விட்டு, திரும்பச் சாத்தினேன். சிறுவயதிலிருந்து செய்வது. கை தானாகச் செய்துவிடும்.

மேலே தொல்லியல் அதிகாரி காத்திருந்தார். கையில் நான் எழுதிய புகார்க் கடிதம்.

எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஐந்து உழவர் வீடுகள். தெரு கிடையாது. ஒவ்வொன்றும் கூப்பிடு தூரத்தில், தன் வயலோடு தனியாக. இப்போது முழங்கால் உயரச் சுவர்கள்தான் மிச்சம், காய்ந்த பெரணிப் புதருக்குள். அரசு பாதுகாக்கும் இடம்; கல்லைத் தொட்டால் வழக்கு.

பக்கத்துப் பண்ணை ஹெட்லி தொட்டிருந்தான். இரண்டு டிரெய்லர் கல், தன் ஆட்டுப்பட்டிச் சுவருக்கு.

அதற்காக நான் எழுதவில்லை.

பிப்ரவரியில் என் மனைவி எஸ்மி பின்பக்கத் தடத்தில் ஏறி மந்தையை இந்தப் பக்கம் இறக்கிக்கொண்டு வந்தாள். பனிமூட்டம். மேல் கேட் சாத்தியிருந்தது. ஆடுகள் முட்டித் திரும்பி இடிபாடுகளுக்குள் சிதறின. மறிக்கப் போனவளின் வண்டி, புதருக்குள் கிடந்த சுவரில் ஏறிக் கவிழ்ந்தது.

அந்த கேட் எனக்கும் ஹெட்லிக்கும் பொது. அவன்தான் சாத்தினான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். மரண விசாரணையிலும் சொன்னேன்.

அதிகாரியை ஹெட்லியின் பட்டிக்குக் கூட்டிப்போனேன்; அவனும் வந்து நின்றான். பட்டிச் சுவரில் ஒரு கல்லைக் காட்டினேன். பக்கவாட்டில் கைமுட்டி அளவு சதுரக் குழி. கதவுக்குத் தாழ்ப்பாள் மரம் செருகிய குழி. கல்லூரியில் வரலாறு படித்ததற்கு இது ஒன்றுதான் பயன்.

அதிகாரி படம் எடுத்தார். வழக்கு வந்தால் குத்தகை போகும். முப்பத்தோரு வருடமாக ஹெட்லி அந்தப் பண்ணையில் இருக்கிறான்.

"இவன் சமையலறைச் சுவரையும் போய்ப் பாருங்கம்மா. இவங்க தாத்தா அள்ளுனதுல மிச்சத்தத்தான் நான் எடுத்தேன்" என்றான் அவரிடம். பிறகு குரலைத் தணித்து என்னிடம், "கல்ல எடுத்தேன் தம்பி. அந்த கேட்ட நான் தொடவே இல்ல."

சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது மூன்று கேட்டையும் சாத்தினேன்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று விசாரணையில் கேட்டார்கள். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றாள் என்றேன்.

அன்று காலை மேல் கேட்டுக்கு வைக்கோல் கொண்டுபோனவன் நான். கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் தன் வண்டியில் உட்கார்ந்து, கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"மேல் கேட்ட தொறந்தே வெச்சிட்டு வா. பழக்கதோஷத்துல சாத்திடாத."