இனாஸின் பதினொரு வரிகள்

முப்பத்தேழு நாட்களாக நஸ்ஹா தன் கணவன் இனாஸின் பெயரில் எழுதிக்கொண்டிருந்தாள்.

இனாஸுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை. ஆலங்குடா வீட்டில் இருந்தபடியே புரோகிராம் எழுதுவான். கடற்கரை ஹோட்டல்களுக்குக் காற்றின் வேகத்தைக் காட்டும் புரோகிராம். அலுவலகத்தில் ஒருவரும் அவனை நேரில் கண்டதில்லை.

அவன் எழுதும்போது பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே அவளும் பழகியிருந்தாள். பௌதிகத்தில் பட்டம் பெற்றவள். ஆசிரியர் நியமனம் இன்னும் வரவில்லை.

முதல் நாள், அணித் தலைவன் நிரோஷன் "இண்டைக்கு வேலை முடியுமா மச்சான்?" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பதிலுக்கு எதையெதையோ எழுதி அழித்தாள். கடைசியில் "ஓம்" என்று அனுப்பினாள். அந்த ஒரு சொல்தான் லேசாக இருந்தது.

வேலையில் சிக்கல் வரவில்லை. கூட்டங்கள்தான் இடைஞ்சல். மைக் பழுது என்று ஒவ்வொரு முறையும் எழுதுவாள்.

"உப்புக்காத்து மைக்கைத் திண்டுட்டுதா?" என்று நிரோஷன் எழுதுவான். சிலாபத்துக்காரன், கடற்கரையை அறிந்தவன். "அடுத்தது உன்னைத்தான் மச்சான்."

இனாஸின் பெயரிலிருந்து ஒரு சிரிப்பு முகம் போகும்.

முப்பத்தைந்தாம் நாள், புரோகிராம் எழுதும் மென்பொருளான எடிட்டர் புதிதாக வந்தது. இனி எல்லோரும் ஒரே எடிட்டரில்தான் எழுத வேண்டுமாம்.

திறந்ததும் திரை முழுக்க வெள்ளை. கண் கூசியது.

பழையதை இனாஸ் தன் கைக்கும் கண்ணுக்கும் ஏற்றபடி அமைத்திருந்தான். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. இடையிடையே தனக்கென எழுதிவைக்கும் குறிப்புகளுக்கு மட்டும் பச்சை. புதியதில் குறிப்புகள் வெளிறிய சாம்பல் நிறம். வெள்ளையில் அவை இருப்பதே தெரியவில்லை.

விரல்கள் பழைய விசைகளுக்கே போயின. சேமிக்க அழுத்தினால் கோப்பு மூடிக்கொண்டது.

அதைவிட வேறேதோ குறைந்தது. பின்னேரம்தான் அவளுக்கு விளங்கியது.

கறுப்புத் திரை ஒரு கண்ணாடி. எழுத்துகளுக்குப் பின்னால் அவள் முகம் தெரியும். தலையில் போட்ட வெள்ளைத் துணி தெரியும். அதற்கும் பின்னால் ஒரு வெற்றுக் கதிரை தெரியும்.

அவள் உட்கார்ந்து பார்க்கும் அதே கதிரை. இவ்வளவு காலமும் இனாஸ் எழுத்துகளுக்கு ஊடாக யாரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று இந்த முப்பத்தைந்து நாட்களில்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளைத் திரை எதையும் திருப்பிக் காட்டவில்லை.

மறுநாள் பழைய கோப்புகளைக் கிளறி, ஒவ்வொரு நிறத்தின் இலக்கத்தையும் எடுத்துப் புதியதில் போட்டாள். கறுப்பு வந்தது. மஞ்சள் வந்தது. பச்சை வந்தது. கதிரையும் வந்தது.

கேட்காத ஒன்றும் வந்தது. புதிய எடிட்டர் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அதை எழுதியவர் பெயரையும் நாளையும் மங்கலாகக் காட்டியது.

இனாஸ், நேற்று.

இனாஸ், மூன்று நாட்களுக்கு முன்.

இனாஸ், நேற்று.

எல்லாம் அவள் எழுதியவை. அது தெரிந்தும், எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கோப்பின் அடியில் பதினொரு வரிகள் மட்டும் வேறு நாளைக் காட்டின. இனாஸ், இரண்டு மாதங்களுக்கு முன். அவற்றுக்கு மேலே பச்சையில் ஒரு குறிப்பு: "மணிக்கு அஞ்சு கிலோமீற்றருக்குக் குறைஞ்சா காத்து இல்லையெண்டு வை. நம்பாட்டி எங்கட ஊட்டு ஜன்னலக் கேளு."

இன்று காலை பத்து மணிக்குக் கூட்டம். ஒவ்வொருவரும் புதிய எடிட்டரில் தங்கள் திரையைக் காட்ட வேண்டும். மைக் பழுதென்று இனிச் சொல்லவும் முடியாது. நிரோஷன் கூரியரில் ஒரு ஹெட்செட் அனுப்பியிருந்தான்.

அதை அவள் தலையில் மாட்டுவதை உம்மா கதவோரம் நின்று பார்த்தாள்.

"இந்த நாளையில வெளி ஆம்புளையளோட கதைக்கப்படாது மகள்."

நஸ்ஹா தலையை மட்டும் ஆட்டினாள். கதைக்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை. மைக்கை நிறுத்தியே வைத்திருந்தாள்.

அவள் முறை வந்தது. திரையைக் காட்டினாள்.

"அடேய் இனாஸ், கறுப்புக்கு மாத்திட்டியா? நாங்க வெள்ளையில கண் அவிஞ்சு போய்க் கிடக்கிறம்." நிரோஷனின் குரலுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். "கீழ போ மச்சான். இன்னும் கீழ. ஆ, இந்தப் பதினொரு வரியும் இனித் தேவையில்ல. போன மாசம் நீ எழுதினது இதைவிட நல்லா வேலை செய்யுது. குறிப்போட சேர்த்து அழிச்சிரு."

அவள் சுட்டியைப் பச்சைக் குறிப்பின் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நானே அழிச்சிருப்பன், ஆனா எங்கட சட்டம் தெரியும்தானே? எழுதினவன்தான் அழிக்கணும்."

பதினொரு வரிகளையும் தெரிவுசெய்தாள். அவற்றின் மேல் நீலம் படிந்தது. சுண்டுவிரல் அழிக்கும் விசையைத் தொட்டது.

தொட்டபடியே இருந்தது.

"என்ன மச்சான், நெட் போயிட்டுதா?"

நஸ்ஹா மைக்கைத் திறந்தாள். அவள் மூச்சு மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். யாரோ கைதட்டினார்கள். "முப்பது நாளைக்குப் பிறகு ஐயா வாய் திறக்கப்போறார்!"

"இத அழிக்க எனக்கு ஏலாது" என்றாள். "இத எழுதினது நான் இல்ல."

நிரோஷனின் குரல் மாறியது.

"நீங்க... ஆர்? இனாஸ் எங்க?"

"நான் அவர்ட பொஞ்சாதி" என்றாள் நஸ்ஹா. "இனாஸ் மௌத்தாகிட்டார். அடக்கி ஒரு மாசம் கடந்துட்டுது."