உடன்பிறந்த சாட்சி

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி!"

நீதிமன்ற வராந்தா என்றும் பாராமல் தங்கையைப் பிடித்துக் கத்தினார் முதலாளி. போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

காகிதம் வெட்டும் மெஷினில் கை பட்டால் பிளேடு தானாக நின்றுவிடும்படி ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருப்பவர் அவர். அதே தடுப்பைப் போட்டுச் சின்னதாய் ஒரு பட்டறை வைத்த பழைய ஃபோர்மேன் மேல் வழக்கு. தோற்றால் அந்த மனுஷன் பட்டறையை மூட வேண்டியதுதான்.

ஃபோர்மேன் தரப்பு எங்கோ தேடி ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்தது. முதலாளிக்கு முன்பே இதே தடுப்பை யாரோ செய்து, அதில் எழுதியும் இருந்தார்களாம். அது நிஜமென்றால் முதலாளியின் காப்புரிமையே செல்லாது. அவர்கள் கொடுத்த மொழிபெயர்ப்பு தப்பு என்று சொல்லத்தான் முதலாளி தங்கையைக் கூண்டில் ஏற்றினார். கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக் காகிதங்களையெல்லாம் ஆரம்பத்திலிருந்து படித்துச் சொல்பவள் அவள்தான்.

அவளோ, "மொழிபெயர்ப்பு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது சாப்பாட்டு இடைவேளை. அது முடிந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை.

"அந்த மூணாவது பத்தி வேற ஏதோ மெஷினைப் பத்தினதுன்னு சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"சத்தியம் பண்ணிட்டு எப்படிண்ணா?"

"ஆமா, பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு!"

"புருஷன் இல்லாம நின்னவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தோம் பாருங்க, நம்மளைச் சொல்லணும்" என்று அண்ணி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.



எதிர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் கண்ணில் பட்டதும் முதலாளிக்கு இன்னும் ஏறியது.

"திருட்டுப் பய! ராவும் பகலும் மண்டையை உடைச்சு நான் கண்டுபிடிச்சதை நோகாம தூக்கிட்டுப் போனவன். அவனுக்கு நீ வக்காலத்தா?"

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவ்வளவு நேரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றவளுக்கு அது மட்டும் பொறுக்கவில்லை. முகம் சிவந்துபோயிற்று. அண்ணனை நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"'இந்தப் பத்திரிகையை முதல்ல எப்போ படிச்சீங்க'ன்னு அந்த வக்கீல் கேக்காம விடமாட்டார். நீ காப்புரிமைக்கு எழுதிப் போடுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, உனக்குத்தான் வரிக்கு வரி படிச்சுச் சொன்னேன்னு கூண்டுல சொல்லட்டுமா? இல்ல, நீயே போய் வழக்கை வாபஸ் வாங்கிடுறியா அண்ணா?"