எத்தோரே ஊதிய உருண்டை

“இது என் பையன் ஊதினதுதானே மாஸ்டர்?”

பொர்த்தோலோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முரானோ தீவில் உள்ள அவருடைய கண்ணாடி உலைக்குத் தினமும் பயணிகள் வந்து, ஒரு மணி நேரம் கற்றுக்கொண்டு, கண்ணாடி ஊதிவிட்டுப் போவார்கள். ஊதியது மறுநாள் வரை சூளையில் ஆற வேண்டும். பழகாத கை செய்ததில் பாதி, விரிசல் விட்டுவிடும். உடனே அவரே அதே நிறத்தில் வேறொன்று ஊதித் தபாலில் அனுப்பிவிடுவார். எதிரே நிற்கும் இந்தப் பெண்ணுக்குப் போன கோடையில் அனுப்பிய நீல உருண்டையும் அப்படித்தான். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

“ஏம்மா, சந்தேகமா?”

“சேச்சே! ‘தவளை மாதிரி கன்னத்த உப்பாதடா’ன்னு எத்தோரேவக் கிண்டல் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இல்லாமலா? சிரிச்சுச் சிரிச்சே ரெண்டு தடவ கெடுத்தானே! எங்க, பய வரலியா?”

“மார்ச் மாசம் பைக்ல போறப்போ லாரி மோதி… போயிட்டான்.”

பொர்த்தோலோ இடுக்கியைக் கீழே வைத்தார்.

அவள் உருண்டையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். அதன் வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தாள்.

“அவன் மூச்சு இதுக்குள்ள மட்டும்தான் மிச்சம் இருக்கு மாஸ்டர். வெயிலுக்கு மெழுகு இளகுது, பயமா இருக்கு. கண்ணாடியாலயே மூடித் தருவீங்களா?”