ஒரு சாண் தள்ளி

பகல் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் ஆள் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, மேலிருந்து கீழ்வரை மறுபடியும் படித்துப் பார்த்தார் தாத்தா. உலகக் கோப்பைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர் பெயரைத்தான் காணோம்.

தாத்தா என்றதும் தடியூன்றிய கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்தொன்பது. ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாட்டுக்காகப் பதினெட்டு வருடம் கிரிக்கெட் ஆடியவர் என்பதால் அணியிலிருக்கும் விடலைகள் வைத்த பட்டப்பெயர் அது.

கடைசியாக இருந்த பெயரைப் பார்த்ததும்தான் வயிறு பற்றி எரிந்தது. சிட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன். பத்தொன்பது வயது. நேற்று பெய்த மழையில் இன்று முளைத்தவன்.

மூன்று முறை இறுதிப் போட்டி வரை போய், மூன்று முறையும் தோற்றுத் திரும்பியவர் தாத்தா. அடுத்த நாட்டுக்காரன் கோப்பையைத் தூக்குவதற்குக் கைதட்டிக் கைதட்டியே கை மரத்துப்போயிற்று. ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டால் போதும், அப்புறம் மட்டையைப் பரணில் போட்டுவிடலாம் என்று இருந்தார். அடுத்த கோப்பைக்கு இன்னும் நாலைந்து வருடம் ஆகும். அதுவரைக்கும் யார் கண்டது.

காலையில் வீட்டுக்காரி சட்டையை எடுத்துக் கொடுத்தபோதே சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இரவு பகல் பார்க்காமல் கூடவே கிடந்தவள். "கிடைச்சதை வெச்சு சந்தோஷமா இருங்க. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படி?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார்.

செலக்டரின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. மின்விசிறி கடகடவென்று தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. செலக்டரும் தாத்தாவும் ஒரு காலத்தில் ஒன்றாக இறங்கி ஆட்டத்தைத் தொடங்கிய ஜோடி. ஒருவர் "வா" என்றால் இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்.

செலக்டர் முகத்தைத் திருப்பவில்லை. "வா மச்சான். செருப்புச் சத்தமே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

தாத்தா உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார். தேர்வுக்கு வைத்த ஆட்டங்களில் தான் அடித்தது எவ்வளவு, சிட்டு அடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். போன வருடம் வரைக்கும் கைக்கு வந்த பந்தைக்கூடத் தவறவிட்ட நான், இந்த வருடம் ஒன்றையாவது விட்டேனா என்று கேட்டார். வயதாகிவிட்டது என்று சொல்லும் ஆண்பிள்ளை மைதானத்துக்கு வரட்டும் என்றார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செலக்டர், இது இளைஞர்களுக்கு வழிவிட வேண்டிய நேரம், அவ்வளவுதான் என்றார். எதிர்காலம், அடுத்த தலைமுறை, மேலிடத்து முடிவு என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனார்.

"நாம வந்தப்போ நமக்கு யாரு வழிவிட்டாங்க? இருந்தவனைவிட நல்லா ஆடித்தானே உள்ள வந்தோம். இவனும் அப்படி வரட்டும், நானே எந்திரிச்சு இடம் குடுக்கிறேன். வயசைப் பார்த்துத்தான் எடுப்பீங்கன்னா, எதுக்கு எங்களை வெயில்ல காய வெச்சீங்க?"

"நீ நல்லா ஆடினே மச்சான். ரொம்பவே நல்லா ஆடினே."

அது பாராட்டுகிற குரலாக இல்லை. நீயே விலகிக்கொள்வதாக ஒரு வார்த்தை சொல், பெரிதாக விழா எடுத்து அனுப்பி வைக்கிறோம், யார் வாயிலும் எந்தப் பேச்சும் வராது, தயவுசெய்து இதோடு விட்டுவிடு என்று செலக்டர் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று தாத்தாவுக்கு. பதினெட்டு வருடம் கரும்பைப் பிழிகிறமாதிரி பிழிந்துவிட்டு, சக்கைக்கு விழா எடுக்கிறார்களாம். இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் குனிந்தார்.

"அப்படி என்னத்தைக் கிழிச்சுட்டான் அந்தப் பய? முந்தாநாள் கடைசி ஓவர்ல அவன் எறிஞ்ச பந்து ஸ்டம்புக்கு ஒரு சாண் தள்ளிப் போச்சு. டீம் மொத்தமும் அவுட்டு அவுட்டுன்னு குதிக்குது. நான் அந்தக் கோடியில, எல்லைக் கோட்டுல நிக்கிறேன். அம்பயர் வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் கத்தினேன், படலேன்னு. அந்த லட்சணத்துல எறியுறவன் உள்ள, நான் வெளியவா?"

செலக்டர் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருடைய கை மேசையைத் துழாவிக்கொண்டே வந்து, தாத்தாவின் கையைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது.

"இதை என் வாயால சொல்ல வெச்சுட்டியே" என்றவர், குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"கண்ணு தெரியாதவங்க டீம்ல, அதைப் பார்த்தது நீ ஒருத்தன்தான் மச்சான்."