காது மட்டும் தெரிந்த சம்பந்தி

“நீங்க கண்டக்டரா இருந்தேன்னு மட்டும் வெளியில சொல்லிக்காதீங்க சம்பந்தி. விசில் இருந்துச்சு, வண்டி ஓடுச்சு. உங்க குரல் பக்கத்து சீட்டுக்கே கேட்டிருக்காது.”

அவள் காபியோடு வார்டுக்குள் நுழைந்தாள். வாய் ஒரு பக்கம் கோணிக் கட்டிலில் கிடந்தவர் அவளைப் பெற்ற அப்பா. பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவரை வம்புக்கு இழுப்பவர் அவள் மாமனார்.

அப்பா என்னவோ சொல்ல முயன்றார். “ப்... ப்...” என்று காற்றுதான் வந்தது.

“பாருங்க, இப்பவும் விசில்தான் வருது.”

“மாமா, போதும்.”

“நீ போய் ஏதாவது சாப்பிட்டு வாம்மா. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம்.”

நல்ல பேச்சு. பேசுவது ஒருத்தர், பல்லைக் கடிப்பது இன்னொருத்தர்.

இவர்களுக்குள் ஆகாமல் போனதற்குக் காரணம் ஒரு போட்டோ. கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது அப்பா பழக்க தோஷத்தில், “உள்ளே தள்ளி நில்லுங்க, இன்னும் உள்ளே” என்று எல்லாரையும் நெருக்கி அடுக்கினார். அடுக்கிவிட்டுத் தான் முன்னால் வந்து நின்றுகொண்டார். கூடத்தில் மாட்டிய படத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு காது மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பாம்பும் கீரியும்தான்.

வெளிநாட்டுக்கு ஒன்றாகக் கூட்டிப்போனால் ஒட்டிக்கொள்வார்கள் என்று அவளும் கணவனும் மனப்பால் குடித்தார்கள். “ராசியாகித் திரும்பி வாங்க, இல்லாட்டி அங்கேயே இருந்துக்குங்க” என்று இரண்டு அம்மாக்களும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். விமானம் முழுக்க ஒருவர் ஜன்னலையே பார்த்தார், மற்றவர் கழிவறைக் கதவையே பார்த்தார். ஊர் சுற்றக் கிளம்பிய முதல் காலையிலேயே ஓட்டல் வாசலில் அப்பா சரிந்து விழுந்தார்.

மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். உயிருக்குப் பயமில்லை, கை கால் தேறிவிடும், பேச்சுதான் திரும்புமோ திரும்பாதோ என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நெரிசலில் பின்படிக்கட்டு வரைக்கும் போன குரல் அது. அந்தக் குரல் இல்லாமல் அப்பா எப்படி அப்பாவாக இருப்பார்?

லீவு முடிந்து கணவன் ஊருக்குக் கிளம்பினான். தன் அப்பாவையும் கூப்பிட்டான். “நான் வரலைடா” என்றார் மாமனார். உதவிக்குத்தான் நிற்கிறார் என்று அவளும் நெகிழ்ந்துபோனாள். மறுநாளே சாயம் வெளுத்தது. எதிராளி வாயடைத்துக் கிடக்கும்போது பழைய வஞ்சத்தை எல்லாம் தீர்த்துக்கொள்ள அல்லவா நின்றிருக்கிறார்.

தினமும் இதே கச்சேரி.

“உங்க தொல்லை தாங்காமத்தான் டிரைவர் முன்கூட்டியே ரிடையர் ஆனாராமே.”

“நீங்க இறங்குன்னு சொல்லி ஒருத்தனாவது இறங்கியிருக்கானா?”

அப்பாவின் முகம் சிவக்கும், கண் உருளும். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வார்.

இன்று மாமனார் போனில் அந்தக் கல்யாணப் படத்தையே தேடி எடுத்து அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“அன்னிக்கு முன்னால நின்னீங்க. இன்னிக்கு நான் நிக்கிறேன். முடிஞ்சா என்னைத் தள்ளிப் பாருங்க.”

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

“ப... படி... படிக்கட்டுல நிக்காதே. இறங்கு.”

வார்டே திரும்பிப் பார்த்தது. தலைமாட்டு மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்தாள். மாமனார் மட்டும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு நழுவினார்.

அவள் நர்ஸைத் தனியே இழுத்துப்போய், தெரிந்த இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். “இனிமே அந்தப் பெரியவரை உள்ளே விடாதீங்க. எங்க அப்பாவைக் கொன்னுடுவார்.”

நர்ஸ் சிரித்தாள்.

“எங்க பேச்சுப் பயிற்சிக்காரருக்கு உங்க மொழி தெரியாது. முதல் நாளே அந்தப் பெரியவர் வந்து, போன்ல மொழிபெயர்த்துக் காட்டி, தான் என்ன செய்யணும்னு கேட்டார். நோயாளிக்கு ரொம்பப் பிடிச்சதைப் பத்திப் பேசுங்க, பதில் சொல்ல வேகம் வரும்னு சொன்னோம்.”

“அதுக்கு?”

“அதுக்கு அவர், பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியாது. அவருக்கு ரொம்பப் பிடிக்காதது ஒண்ணு தெரியும், அது நான்தான், பரவாயில்லையான்னார். டாக்டரைக் கேட்டோம். ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க, நடக்கட்டும்னுட்டார்.”

வராந்தா ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று மாமனார் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவள் கட்டிலுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வாய் கோணினாலும் சொல் கோணாமல், மெல்லச் சொன்னார்:

“தெரியும்மா. சும்மா திட்டுறதுக்கு எவனாவது ஊருக்குப் போகாம உக்காந்திருப்பானா?”

“அப்பா... நீங்க நல்லாப் பேசுறீங்க.”

“கத்தாதே. யாரும் இல்லாதப்ப நம்ம ரூட்டு ஸ்டாப்பை எல்லாம் வரிசையாச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா அவசரமாகப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

“ஊருக்குப் போனதும் அந்தப் படத்தைக் கழட்டிடு. புதுசா எடுப்போம். அவர் முன்னால நிக்கட்டும். எனக்கு ஒரு காது தெரிஞ்சாப் போதும்.”

“இதோ வந்துட்டார். நீங்களே சொல்லுங்கப்பா.”

“சேச்சே. நீயே சொல்லிடு. எனக்குத்தான் இன்னும் பேச்சே வரலையே.”