காற்றைத் தின்னும் பெட்டி

தூர்கட்டும் பருவத்தில் நெல் மஞ்சளித்துவிட்டது. காற்றிலிருந்து அமோனியா உரம் தயாரிக்கும் வரப்புப் பெட்டி ஓடவில்லை. உரக்கடைகள் மூடிப் பல வருடமாகிவிட்டதால் வேறு வழியுமில்லை.

"ஊர்க்கண்ணு பட்டுடுச்சு," என்றார் மாசிலாமணி.

அவர் மனைவி செங்கமலம் பெட்டியைச் சுற்றிவந்தாள். பெட்டியில் அவர் கட்டிவைத்திருந்த திருஷ்டிப் பொம்மையின் சட்டை, காற்று நுழையும் துளைகளை மூடி ஒட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணெல்லாம் படலைங்க. நீங்க கட்டுன பொம்மைதான் மூச்ச அடைச்சிருக்கு."

அவள் பொம்மையை அவிழ்த்ததும் பெட்டி முனகி, பிறகு உறுமியது. அமோனியா நெடி கிளம்பி இருவர் கண்களிலும் நீர் கொட்டியது.

பக்கத்து வயல் தேவகி பதறி ஓடிவந்தாள். "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தேவகி. பயிரு பொழச்சிக்கும்," என்ற செங்கமலம் கண்ணைத் துடைக்கவே இல்லை.